24 இஞ்ச் ஃபோட்டோ பிரிண்டர வீட்ல வச்சு சமாளிக்க முடியுமா?

லயத்துப்பையன் · சுங்கை சிப்புட்

வணக்கம் எல்லாருக்கும். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போற ஆளு நானு, இன்னிக்குத்தான் முதல் தடவையா கேக்குறேன், கொஞ்சம் நீளமா போச்சுன்னா கோவிச்சுக்காதீங்க.

நான் சனி ஞாயிறுல கல்யாணம், காது குத்து, கோயில் திருவிழான்னு படம் எடுக்குறேன், மத்த நாள் ஃபேக்டரில ஷிஃப்ட் வேலை. வீட்ல ஒரு ஏ3 ப்ளஸ் டேங்க் பிரிண்டர் இருக்கு, ஆறு கலர், 12க்கு 18 இஞ்ச் வரைக்கும் அதுலயே அடிச்சு ஃப்ரேம் போட்டுக் குடுத்துருவேன். அது போதும்னு தான் இருந்தேன். ஆனா இப்ப ரெண்டு மூணு வருஷமா வர்ற வேலையே வேற மாதிரி. இங்க மலேசியாவுல எங்க பக்கம் தோட்டம் ஒண்ணொண்ணா வீடு கட்டப் போய்ட்டிருக்கு, தோட்டத்து ஆளுங்க இருந்த லயத்து வீட்ட இடிச்சுர்றாங்க, சனங்க தாமானுக்கு, அதான் புதுசா கட்டுன வீட்டு வரிசைக்கு, வந்துட்டாங்க, வந்தவங்க பழைய பிஸ்கட் டின்னத் தொறந்து படத்த எடுத்துக்கிட்டு நேரா என் வீட்டுக்கு வர்றாங்க. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி குரூப் ஃபோட்டோ, மாரியம்மன் கோயில் தீமிதி, லயத்து வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்கிற தாத்தா. ஹால்ல மாட்டுற மாதிரி பெருசா வேணும்பாங்க.

இன்னொண்ணு சாவு வீடு. ராத்திரி 9 மணிக்கு மேல ஃபோன் வரும், மறுநாள் மத்தியானம் எடுக்குறாங்க, மாலை போட 16க்கு 20 படம் வேணும்பாங்க. ஈப்போ லேப் அந்நேரத்துக்குப் பூட்டியிருக்கும். ரெண்டு தடவை 12க்கு 18 அடிச்சுக் குடுத்தேன், வாங்கிக்கிட்டாங்க, ஒண்ணும் சொல்லல, ஆனா அந்தப் பெரிய மாலைக்குள்ள படம் எங்க இருக்குன்னு எனக்கே தேட வேண்டியிருந்துச்சு.

விஷயத்துக்கு வர்றேன். ஈப்போவுல ஒரு ஸ்டுடியோ மூடுறாங்க. 24 இஞ்ச் மெஷின், பிக்மென்ட் மை, ஸ்டாண்டோட, பாதி பாதி மை இருக்கிற கார்ட்ரிட்ஜ், பிரிக்காத ரோல் ஒண்ணு, எல்லாம் சேத்து 2,800 வெள்ளி (ரிங்கிட்). புதுசா வாங்கணும்னா இந்த விலைய நெனச்சுக்கூடப் பாக்க முடியாது. ஓனர் நல்ல மனுசன் தான், "8 மாசமா ஓட்டல தம்பி, ஓட்டுன வரைக்கும் ஒரு குறையும் இல்ல"ன்னு சொன்னாரு. நம்ம வீடு தாமான்ல சிங்கிள் ஸ்டோரி, பின்னால ஒரு ரூம் காலியா கெடக்கு, ஏர்கான் கெடையாது. மெஷின் படத்த அம்மாகிட்ட காட்டுனேன், நீளத்தப் பாத்துட்டு "என்னடா இது பெட்டி மாதிரி இருக்கு, இதயா வீட்டுக்குள்ள வைக்கப் போற"ன்னுட்டாங்க.

வாங்கலாமா? கரண்ட் பில் எகிறுமா? ஏர்கான் கட்டாயமா? வீட்ல வச்சிருக்கிறவங்க உண்மையச் சொல்லுங்க.


மைக்கறை · காப்பார்

8 மாசம்னு படிச்ச எடத்துலயே நின்னுட்டேன் தம்பி. மீதிய அப்புறமா தான் படிச்சேன்.

நீங்க தோட்டத்துப் புள்ள, ஒட்டுப்பால் தெரிஞ்சிருக்கும். ரப்பர் மரத்துல பால் வெட்டி முடிச்சதும் வெட்டுன கோட்டுல கொஞ்சம் பால் காஞ்சு நாடா மாதிரி ஒட்டிக்கும்ல, மறுதடவை வெட்டப் போறப்ப அத உரிச்சுப் போட்டுட்டுத் தான் கத்திய வைக்கணும். பிரிண்டர்ல மை பீச்சுற தலையும் அதே கதை தான், ஆனா இங்க ஒரு கலருக்கே நூத்துக்கணக்குல ஓட்டை, ஒவ்வொண்ணும் தலைமுடிய விட மெல்லிசு, விரல விட்டு உரிக்கிற வேலையெல்லாம் நடக்காது. மை காயாம இருக்கட்டும்னு கிளிசரின் மாதிரி சாமான் கலந்து தான் விடுறான், பால்ல அமோனியா ஊத்துற மாதிரி, அமோனியா ஊத்துன பாலு மட்டும் எத்தன நாளைக்குத் தாங்குது? பிக்மென்ட் மைன்னா இன்னும் ஒரு தொல்லை, அது கரைஞ்ச சாயம் இல்ல, தண்ணில மெதக்குற பொடி, சும்மா கெடந்தா கார்ட்ரிட்ஜ் அடியில போய்ப் படிஞ்சிரும். உங்க ஏ3 டேங்க் பிரிண்டர்ல ஊத்துறது பெரும்பாலும் சாய மை, அதனால தான் அது ரெண்டு வாரம் சும்மா கெடந்தாலும் பெருசா அடம் பிடிக்கல. அத வச்சு இத எடை போடாதீங்க.

என் கதைய சொல்றேன், பிராண்ட் பேரு வேணாம், மெஷின் மேல தப்பில்ல. முதல்ல ஒரு 24 இஞ்ச் வாங்கி அண்ணன் கடை மாடியில வச்சிருந்தேன். வீட்ல எடம் இல்லன்னு. 2020 மார்ச் 18 கொரோனாவுக்கு எம்சிஓ, அதான் ஊரடங்கு, போட்டான், கடை பூட்டு, நான் வீட்ல, ரோட்ல போலீஸ். ரெண்டு மாசம் கழிச்சு மாடி ஏறி ஆன் பண்ணா நோசில் செக்குல, அதான் எல்லா ஓட்டையும் மை விடுதான்னு கோடு கோடா அடிச்சுப் பாக்குறதுல, லைட் கலர் ரெண்டும் பாதிக்குப் பாதி இல்ல, கோடு கோடா வெட்டு. அத்தோட விட்டுருந்தா பொழச்சிருக்கும். பதட்டத்துல அதே ராத்திரி பவர் க்ளீன் ஆறு தடவை அடிச்சேன் தம்பி, ஒவ்வொரு தடவையும் எல்லாக் கலரும் மொடக் மொடக்குனு உறிஞ்சி மெயின்டனன்ஸ் டேங்க்ல, அதான் கழிவு மை போற டப்பால, போய்க் கொட்டுது, விடியக்காலையில டேங்க் ரொம்பிப் போய் மெஷினே நின்னுக்கிச்சு. நல்லா இருந்த மூணாவது கலரும் அன்னிக்குத் தான் போச்சு. அடைப்ப காசு போட்டு அழுத்தித் தள்ளக்கூடாது, ஊற வைக்கணும். ஒரு தடவை சாதா க்ளீன், அப்புறம் ஆஃப் பண்ணி ஒரு ராத்திரி விட்டுரணும், காலைல செக். பாதி அடைப்பு தானாவே எளகிரும். இது தெரியாம நான் குடுத்த விலை தலையோட விலை.

அதுக்கப்புறம் வாங்குனத நேரா வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டேன், ஹால்ல, டிவிக்குப் பக்கத்துல. வீட்டுக்காரி மூணு மாசம் பேசல, அது வேற விஷயம்.

தலை வகையயும் பாத்துக்குங்க. எப்சன் தலை பியசோ, கரண்ட் குடுத்தா ஒரு சின்னப் படிகம் வளைஞ்சு மைய உதைக்கும், சூடு கெடையாது, மெஷின் ஆயுசுக்கும் இருக்கணும்னு செஞ்ச தலை, பெரிய மெஷின்ல அத மாத்துறதுன்னா டெக்னீஷியன் வரணும், செகண்ட் ஹேண்ட் மெஷின் விலைய விட ஜாஸ்தி ஆகலாம். கேனன், எச்பி ரெண்டும் சூடு, மைய ஒரு நொடிக்கும் ரொம்பக் கொறஞ்ச நேரத்துல கொதிக்க வச்சு ஆவிக் குமிழி மைய வெளிய தள்ளும். 1977ல கேனன் ஆய்வுக்கூடத்துல மை இருந்த ஊசில சூடான சால்டரிங் அயர்ன் தெரியாம பட்டு மை பீச்சி அடிச்சுச்சாம், அதுலேருந்து வந்த யோசனை. சூட்டுல வேலை செய்ற தலை ஒரு நாள் தேயும், தேயும்னு தெரிஞ்சே நம்மளே கழட்டி மாத்துற மாதிரி செஞ்சிருக்கான். ரெண்டுல எது நல்லதுன்னு சண்டை போட நான் வரல. தலை போனா யாரு மாத்துவா, எவ்வளோ ஆகும்னு கேட்டுட்டு வாங்குங்க.

அந்த ஈப்போ மெஷின போய்ப் பாருங்க, பாக்குறதுக்குக் காசு இல்ல. ஆனா "வர்றதுக்கு முன்னாடி ஆன் பண்ணாதீங்க"ன்னு சொல்லிட்டுப் போங்க. ஃபோன்ல அனுப்புற நோசில் செக் படத்த நம்பாதீங்க. உங்க முன்னாடி ஆன் பண்ணி, க்ளீனிங் அடிக்காம, முதல் வேலையா சாதாப் பேப்பர்ல நோசில் செக். அப்புறம் ஒவ்வொரு கலரா ஒரு சதுரம் ரொப்பி அடிச்சுப் பாருங்க. அதோட கெளம்பி வந்துராதீங்க, வெளிய போய் ஒரு தே தாரேக், அதான் ஆத்துன பால் டீ, குடிச்சிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடியும் செக் போடுங்க. முதல் தடவை நல்லா வந்து ரெண்டாவது தடவை கோடு காணாம போச்சுன்னா அது வெறும் அடைப்பு இல்ல, எங்கயோ காத்து எறங்குது, தலைக்கு மை போற வழியில இருக்கிற டேம்பரோ, தலைய மூடுற மூடியோ, குழாயோ. அது வேற செலவு. ஸ்டேட்டஸ் ஷீட் ஒண்ணு அடிக்கச் சொல்லுங்க, மெயின்டனன்ஸ் டேங்க் எவ்வளோ ரொம்பியிருக்குன்னு தெரியும். கார்ட்ரிட்ஜ்ல தேதியப் பாருங்க. முழு செட் மை புதுசா வாங்கணும்னா 2,800 எல்லாம் எந்த மூலைக்கு.

கரண்ட் பத்திக் கவலையே வேணாம், ரைஸ் குக்கர் குடிக்கிறத விட கம்மி.


ஈப்போ_ஃப்ரேம்காரன்

வேணாம் லா. நான் ஃப்ரேம் கடை வச்சிருக்கேன், உங்கள மாதிரி ஆர்வமா வாங்கிட்டு ஒரு வருஷத்துல அது மேல துணி காயப்போட்டவங்கள பாத்திருக்கேன். மாசத்துக்கு எத்தன பெரிய படம் அடிப்பீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க, நெஞ்சத் தொட்டு எழுதுங்க. அஞ்சுக்குக் கீழன்னா லேப்புக்கு அனுப்புங்க, அவன் தலை அடைச்சா அவன் தலைவலி.


கிராணிமகள் · ஆயர் தாவார்

ஃப்ரேம்காரர் அண்ணே சொல்றது கல்யாணப் படத்துக்குச் சரி. ஆனா இவரு கேக்குறது பழைய கறுப்பு வெள்ளை, சாவு வீட்டுப் படம், அது லேப்புக்கு அனுப்பி நான் பட்ட பாடு இருக்கே. கறுப்பு வெள்ளைய கலர் பேப்பர்லயே அடிச்சுக் குடுப்பாங்க, ஒரு தடவை பச்சை அடிக்கும், ஒரு தடவை ரோஸ் அடிக்கும், ஒரே வீட்டு ரெண்டு படத்த பக்கத்துல மாட்டுனா ரெண்டும் ரெண்டு நெறம். அது போகட்டும், கேக்காமலே ஆட்டோ கரெக்ஷன் போட்டு எங்க பாட்டிய வெளுப்பாக்கி அனுப்புனாங்க ஒரு தடவை. 40 வருஷம் வெயில்ல தோட்ட வேலை செஞ்சு செஞ்சு கறுத்த மனுஷி அவங்க, படத்துல பாத்தா யாரோ டத்தின் மாதிரி, பட்டம் வாங்குன பெரிய வீட்டு அம்மா மாதிரி, உக்காந்திருக்காங்க. அம்மா அந்தப் படத்த மாட்டவே விடல. அன்னிக்கு முடிவு பண்ணேன் நம்ம வீட்லயே அடிக்கிறதுன்னு. சாம்பல் மை தனியா ரெண்டு இருக்கிற பிக்மென்ட் மெஷின்ல அடிச்ச கறுப்பு வெள்ளைய ஒரு தடவை பாத்துட்டீங்கன்னா லேப் பிரிண்ட திரும்பிப் பாக்க மாட்டீங்க.

ஆனா தம்பி, நீங்களே எழுதுனத நீங்களே திரும்பப் படிங்க. ராத்திரி 9 மணிக்கு வர்ற ஃபோனு என்னா சைஸ் கேக்குது? 16க்கு 20. அதுக்கு எதுக்கு 24 இஞ்ச்? 17 இஞ்ச் மெஷின்ல ஏ2 தாராளமா போகும். நான் வச்சிருக்கிறது கேனன் ப்ரோ-1000, 12 கார்ட்ரிட்ஜ், ஒவ்வொண்ணும் 80 மில்லி, ரோல் போகாது, தாள் மட்டும் தான், வெயிட்டு 32 கிலோ, நானும் தம்பியும் தூக்கி மேசைல வச்சோம். எப்சன்ல பி900 இருக்கு, 10 மை, 50 மில்லி, 15 கிலோ சொச்சம் தான், ரோல் வேணும்னா அதுக்குத் தனியா ஒரு பாகம் வாங்கி மாட்டிக்கலாம். பழைய 3880, பி800 எல்லாம் செகண்ட் ஹேண்ட்ல பாத்தீங்கன்னா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க, அதுல க்ளாஸி கறுப்பும் மேட் கறுப்பும் ஒரே வழியில போகுது, மாத்துற ஒவ்வொரு தடவையும் மை வீணா போகும், அதனால ஒரு பேப்பர் வகையப் புடிச்சா அதுலயே இருங்க. பி900ல அந்தத் தொல்லைய எடுத்துட்டாங்க. 24 இஞ்சுன்னா ஸ்டாண்டோட 80 கிலோவுக்கு மேல போறதும் உண்டு, நாலு ஆள் வேணும், உங்க பின் ரூம் கதவு எத்தன இஞ்ச்னு அளந்தீங்களா?

ஏர்கான் கேட்டீங்க. எல்லாரும் தப்பா நெனக்கிற எடம் இது. நம்ம ஊரு ஈரக்காத்து பிரிண்டர் தலைக்கு நல்லது தான், காயாது. 24 மணி நேரமும் ஏர்கான் ஓடுற ஆபீஸ்ல தான் சீக்கிரமா அடைக்கும். ஈரம் கெடுக்குறது பேப்பர. வெளிய வச்ச தாள் ரெண்டே நாள்ல ஓரம் அலையடிக்கும், அந்த அலை தலையில போய் இடிக்கும், இடிச்சா படத்தோட ஓரத்துல கறுப்பா ஒரு தேய்ப்பு, தலைக்கும் கேடு. மழைக்காலத்துல மேட் பேப்பர் தொட்டாலே நமத்த அப்பளம் மாதிரி இருக்கும். அதனால நான் பேப்பர மட்டும் பாத்துக்குறேன். வாங்குன பிளாஸ்டிக் உறையோட, மூடி அழுந்துற பெரிய டப்பால, சிலிகா ஜெல் போட்டு, கூட ஒரு சின்ன ஈரமானி. 50க்கும் 60க்கும் நடுவுல நின்னா போதும். அடிக்கப் போறப்ப தான் தாள வெளிய எடுப்பேன். பின்னால ட்ரேயத் தொறந்து வச்சிட்டுத் தூங்கப் போய்ராதீங்க, எங்க வீட்ல பல்லி ஒரு தடவை உள்ள போய் முட்டை வச்சிருந்துச்சு, அடுத்த படத்துல என்னா வந்துச்சுன்னு இங்க எழுத முடியாது.

பழைய படம் பெருசாக்குறதுலயும் ஒரு கணக்கு இருக்கு. 3க்கு 4 இஞ்ச் படத்த 600 டிபிஐல, அதான் இஞ்சுக்கு 600 புள்ளில, ஸ்கேன் பண்ணா 1800க்கு 2400 புள்ளி. அத 18க்கு 24 ஆக்குனா இஞ்சுக்கு 100 தான் வரும். எட்ட நின்னு பாக்குற குரூப் ஃபோட்டோன்னா ஓகே, கிட்ட பாத்தா மூஞ்சி கரையும். மெஷின் எவ்வளோ பெருசா இருந்தாலும் பிஸ்கட் டின் படத்துல இல்லாதத அது போட்டுக் குடுக்காது. 1200ல ஸ்கேன் பண்ணிப் பாருங்க, சில படத்துல எடுக்கும், சிலதுல பேப்பரோட சொரசொரப்பு தான் பெருசா வரும்.


லயத்துப்பையன் · சுங்கை சிப்புட்

எல்லாருக்கும் நன்றி. கிராணிமகள் அக்கா சொன்னதும் தான் என் ஆர்டர் புக்க எடுத்துப் பாத்தேன், போன ஆறு மாசத்துல 16க்கு 20 கேட்டது 19, அதுக்கு மேல கேட்டது 4. வெக்கமா போச்சு. கதவு 32 இஞ்ச், பின் ரூமுக்குத் திரும்புற எடத்துல ஒரு தூண் வேற இருக்கு.

ஆனாலும் மனசு அந்தப் பெரிய மெஷின விட மாட்டேங்குது, ஞாயித்துக்கிழமை போய்ப் பாக்குறேன். இன்னொரு கேள்வி, வெளி மை ஊத்தலாமா? ஆன்லைன்ல லிட்டர் கணக்குல விக்கிறாங்க.


மைக்கறை · காப்பார்

ஊத்துறவங்க ஊத்துறாங்க, நான் ஊத்துறதில்ல. செகண்ட் ஹேண்ட் மெஷினுக்குள்ள ஏற்கனவே என்னா மை இருக்குன்னு தெரியாம அது மேல இன்னொரு மைய விட்டா குழாய்க்குள்ள ரெண்டும் சேந்து கட்டியாகுற வாய்ப்பு இருக்கு.


செம்பனைக்காட்டான் · தெலுக் இந்தான்

எல்லாரும் மையப் பத்தியே பேசுறீங்க, நான் ஃபோட்டோஸ்டாட் மெஷின் ரிப்பேர் பண்றவன், கரண்ட்ட பத்தி ரெண்டு வார்த்தை. சாயங்காலம் இடி இடிச்சா நம்ம வீட்டு அம்மாமாருங்க என்னா பண்ணுவாங்க? ஓடிப் போய் செவுத்துல இருக்கிற சுவிட்ச எல்லாம் டப்பு டப்புனு அடைப்பாங்க. டிவிக்கு அது சரி. பிரிண்டருக்கு அது தான் கொலை. ஓடிக்கிட்டு இருக்கிறப்ப செவுத்து சுவிட்ச அடைச்சா தலை நடுவழில அப்படியே நின்னுரும், வலது ஓரத்துல இருக்கிற மூடிக்குப் போய்ச் சேராது. மூடி இல்லாத தலை, தொறந்து போட்ட சோறு மாதிரி, ராத்திரிக்குள்ள காஞ்சிரும். மறுநாள் அடைப்பு அடைப்புன்னு மை கம்பெனியத் திட்டுறது. முதல்ல மெஷின்ல இருக்கிற பவர் பட்டன், சத்தம் முழுசா அடங்குற வரைக்கும் பொறுமை, அதுக்கப்புறம் தான் செவுத்து சுவிட்ச். வீட்ல எல்லாருக்கும் சொல்லிக் குடுங்க. முடிஞ்சா ஒரு சின்ன யூபிஎஸ், பெருசா வேணாம், கரண்ட் போனா தலை வீடு போய்ச் சேர்ற வரைக்கும் தாங்குனா போதும். மின்னல் லேன் கேபிள் வழியாவும் வரும், அதையும் புடுங்கிருங்க. நம்ம நாட்டு மின்னல சாதாரணமா நெனக்காதீங்க, மழைக்காலத்துல எனக்கு வர்ற வேலைல பாதி வெந்து போன போர்டு தான்.

லோரில கொண்டு வந்தீங்கன்னா சாய்க்காதீங்க, படுக்க வைக்கவே கூடாது. உள்ள குழாயெல்லாம் மை நிக்குது. தலையப் பூட்டு போடுற வசதி இருந்தா பூட்டிட்டு எடுத்துட்டு வாங்க.


ஈப்போ_ஃப்ரேம்காரன்

வாங்கத் தான் போறீங்கன்னா ஃப்ரேம் விஷயமாவது கேட்டுக்குங்க. பிக்மென்ட் படம் தொட்டா காஞ்ச மாதிரி தான் இருக்கும், உள்ள ஈரம் இருக்கும், அத ஒடனே கண்ணாடிக்குள்ள அடைச்சா கண்ணாடி உள்பக்கம் புகை மாதிரி படியும். ஒரு நாளாவது காத்தாட விடணும். சாவு வீட்டுக்கு அது முடியாது, தெரியும். அப்ப கண்ணாடியே போடாம குடுங்க, காரியம் முடிஞ்சு பதினாறாம் நாளுக்குள்ள வாங்கிட்டு வந்து கண்ணாடி போட்டுக் குடுங்க, மவுண்ட் போர்டு ஒண்ணு நடுவுல வச்சு. படம் கண்ணாடியத் தொடவே கூடாது. நம்ம ஊரு ஈரத்துல அஞ்சு வருஷத்துல ஒட்டிக்கும், அப்புறம் உரிச்சா மூஞ்சி கண்ணாடியோட வந்துரும். எவ்வளோ பேரு அப்படி எடுத்துட்டு வந்து என் கடைல அழுதிருக்காங்க.


லயத்துப்பையன் · சுங்கை சிப்புட்

மூணு வாரம் கழிச்சு வர்றேன். கேட்டுட்டுக் காணாம போற ஆளு இல்ல.

ஈப்போ போனேன். முன்னாடியே சொல்லியும் ஓனர் மொத நாள் சாயங்காலமே ஆன் பண்ணி க்ளீன் அடிச்சு வச்சிட்டாரு, ஏமாத்தணும்னு இல்ல, வர்றவங்களுக்கு வீட்டக் கூட்டி வைக்கிற மாதிரி தான் அவரு நெனப்பு. முதல் நோசில் செக் பளிச்சுனு வந்துச்சு, ஒரு கோடு கூட விடல. எனக்குக் கையெல்லாம் நடுங்குது, பணத்த எடுத்துரலாமான்னு. மைக்கறை அண்ணே சொன்னது ஞாபகம் வந்து "பசியாறிட்டு வருவோம் அங்கள்"னு அவரையும் கூட்டிக்கிட்டு கீழ போய்ட்டேன். ஒரு மணி நேரம் அவரு ஸ்டுடியோ கதையெல்லாம் சொன்னாரு, ஃபிலிம் காலத்துல தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி வாசல்ல லைன் நிக்குமாம். மேல வந்து ரெண்டாவது செக் போட்டோம். லைட் சியான் பாதி இல்ல, மஞ்சள் கீழ்ப்பக்கம் மொத்தமா இல்ல. அவரு கண்ணாடியக் கழட்டி வச்சிட்டு பேப்பர வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாரு. ஒண்ணும் பேசல. அப்புறம் அவராவே 1,200க்கு எறங்குனாரு. நான் தான் வேணாம்னுட்டேன், கஷ்டமா இருந்துச்சு. ரோல் பேப்பர மட்டும் வாங்கிட்டு வந்தேன், அளவா வெட்டி அழுத்தி வச்சா பழைய மெஷின்ல போகுது.

அப்புறம் தைப்பிங்ல ஒருத்தர் 17 இஞ்ச் ஒண்ணு விக்கிறாருன்னு கேள்விப்பட்டேன். விலை அந்த 24 இஞ்ச விட ஜாஸ்தி. ஆனா நான் போறப்ப மெஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு, யாரோ ஒருத்தரோட கல்யாணப் படம், ட்ரேல ஈரமா ரெண்டு மூணு படம் கெடந்துச்சு, மேசை மேல நோசில் செக் தாள் ஒரு கட்டு, ஒவ்வொண்ணுலயும் பென்சில்ல தேதி. மணிக்கணக்கா சோதிக்கணும்னு போனவன் அந்தக் கட்டப் பாத்ததும் பணத்த எண்ணிக் குடுத்துட்டேன். ஒரு மணி நேரம் மட்டும் எப்படியும் ஒக்காந்துட்டுத் தான் வந்தேன், கோடு எதுவும் விடல.

இப்ப பின் ரூம்ல இருக்கு. அம்மாவுக்கு வேலைய விட்டுப் பத்து வருஷம் ஆச்சு, இன்னும் காலைல நாலரைக்கு முழிப்பு வந்துரும், அந்நேரத்துக்கு நான் நைட் ஷிஃப்ட்ல இருப்பேன். பட்டன் எதுன்னு காட்டிக் குடுத்தேன், ரெண்டு நாளைக்கு ஒருக்கா செக் போட்டு வைக்கிறாங்க. போன வாரம் மெஜந்தா ஒரு கோடு விட்டுருந்துச்சு, தாள்ல அந்த எடத்த பேனால வட்டம் போட்டு "ஒட்டுப்பால்"னு எழுதி வச்சிட்டுத் தூங்கப் போய்ட்டாங்க. ஒரு சாதா க்ளீன் அடிச்சு விட்டேன், சாயங்காலம் சரியாயிருச்சு. இடி இடிச்சா பவர் பட்டனத்தான் முதல்ல அமுத்தணும்னும் சொல்லியிருக்கேன், அது மட்டும் இன்னும் பழகல, மழை மூட்டம் போட்டாலே செவுத்துப் பக்கம் கை போகுது, சுவிட்ச் மேல டேப் ஒட்டி வச்சிருக்கேன்.

முந்தா நேத்து ராத்திரி பத்தரைக்கு முதல் ஃபோன் வந்துச்சு, 16க்கு 20, கண்ணாடி இல்லாம குடுத்தேன், பதினாறாம் நாள் வாங்கிட்டு வந்து போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்கேன். ஒரு சந்தேகம், 16க்கு 20 தாளா கெடைக்க மாட்டேங்குது, எல்லாம் ஏ2 தான். வெட்டுனா நீளத்துல மூணு இஞ்சுக்கு மேல வீணா போகுதே?


கிராணிமகள் · ஆயர் தாவார்

வீணா எங்க போகுது தம்பி. ஏ2ல 16க்கு 20 போக ஓரத்துல 3.4 இஞ்ச் மிச்சம், அந்த எடத்துலயே மூஞ்சிய மட்டும் சின்னதா மூணு தடவை, கொஞ்சம் கொஞ்சம் வெளிச்சம் மாத்தி அடிச்சுருங்க. வெட்டி எடுத்து டப்பால போட்டு வைங்க. அடுத்த தடவை அதே மாதிரி பழைய படம் வந்தா எது ஒத்து வருதுன்னு அத வச்சே பாத்துக்கலாம், ஒரு தாள் மிச்சம். ஆனா தாள முழுசா மெஷின்ல அடிச்சு வெளிய எடுத்ததுக்கப்புறம் தான் வெட்டுங்க, கத்திரிச்ச தாள உள்ள விட்டா ஓரத்துத் தூசி எல்லாம் தலைக்குப் போகும்.